மரத்தளத்தில் என்ன கோளாறு? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

உறவினர், அண்டை வீட்டார் என்று பலருடைய டெக்கையும் (வீட்டு வெளிப்புற மரத்தளம்) வருடக்கணக்காகச் சரிசெய்து கொடுத்து வருகிறேன். வீடு மாறினாலும் கோளாறு மாறுவதில்லை. கறுத்துப் போகிறது, வழுக்குகிறது, பூச்சு உரிகிறது, காலில் ஒட்டுகிறது, மிதித்தால் அமுங்குகிறது. தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே விஷயத்தில் வந்து நிற்கும்: எங்கோ ஓரிடத்தில் தண்ணீர் தங்கி, காய வழியில்லாமல் கிடக்கிறது. ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிற ஊர் சிங்கப்பூர். மழை இல்லாத நாளிலும் விடியற்காலையில் காற்று ஈரமாகவே இருக்கும். அதனால் எந்த டின்னையும் திறப்பதற்கு முன்னால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதைக் கண்டுபிடிக்காமல் அடிக்கிற கோட்டு அடுத்த பருவமழைக்குள் கையோடு வந்துவிடும்.

தரைவீட்டுப் பின்கட்டு, கொண்டோ (தனியார் அடுக்குமாடி) கீழ்த்தள முற்றம், மாடி பால்கனி மூன்றுக்கும் இது பொருந்தும். பலாவ், செங்கால், மெர்பாவ், தேக்கு போன்ற அசல் மரத்துக்காக எழுதியது. பிளாஸ்டிக் கலந்த செயற்கைப் பலகைக்கு இதில் சொல்லும் ஆசிடோ எண்ணெயோ வேண்டாம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

மூன்று சோதனைகள். பத்து நிமிடம்கூட ஆகாது.

ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பலகையின் நுனி, ஸ்க்ரூ இருக்கும் இடம், தொட்டி வைத்திருந்த இடம் ஆகியவற்றில் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். முனை 5 மி.மீ.க்கு மேல் எளிதாக இறங்கினால் நேராகக் கடைசித் தலைப்புக்குப் போய்விடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்து, காய்ந்த பலகையில் நான்கைந்து இடங்களில் தண்ணீரைச் சொட்டு விடுங்கள். துளி உருண்டு நின்றால் பழைய பூச்சு இன்னும் உயிரோடு இருக்கிறது. ஓரிரு நிமிடத்தில் உறிஞ்சிக்கொண்டால் பூச்சு போய்விட்டது, மறுபடி அடிக்கலாம்.

மூன்றாவது, கைப்பேசி விளக்கை அடித்துப் பலகை இடுக்கு வழியாகக் கீழே பாருங்கள். காய்ந்த இலை அடைத்திருக்கிறதா? ஃபுளோர் டிராப் (தரையில் தண்ணீர் வடியும் வாய்) மூடியிருக்கிறதா? தண்ணீர் மினுமினுக்கிறதா? மினுமினுத்தால் டெக்கை மறந்துவிட்டு முதலில் அதை வெளியேற்றுங்கள். அடியில் தேங்கும் நல்ல தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்கு ஏற்ற இடம். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி வந்து கொசுப்புழுவைப் பார்த்தால் அபராதம் வீட்டுக்காரருக்குத்தான்.

அறிகுறி: பச்சையாக, வழுக்குகிறது

இது பாசி. சிக்கலில்லாத வேலை. வெயில் படாத பக்கம், ஏர்கான் தண்ணீர் சொட்டும் இடம், துணி காயப்போடும் இடம் ஆகியவற்றில்தான் முதலில் வரும்.

செலவில்லாத வழி: தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, கெட்டியான நைலான் பிரஷால் மரத்தின் ரேகை போகும் திசையிலேயே தேய்த்துக் கழுவுங்கள். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து உதிரும் இரும்புத் துணுக்கு மரத்தில் தங்கி, ஒரு மழைக்குப் பிறகு நூறு கறுப்புப் புள்ளியாக நிற்கும்.

போகவில்லையா? சோடியம் பெர்கார்பனேட் தூளை வெந்நீரில் கரைத்து ஊற்றி, 10 முதல் 15 நிமிடம் ஈரமாகவே வைத்திருந்து தேய்த்து அலசுங்கள். கடையில் 'ஆக்சிஜன் பிளீச்' என்று கேட்டால் தருவார்கள். இது மரத்தைக் கொஞ்சம் கறுக்கச் செய்யும், பயப்பட வேண்டாம், கீழே சொல்லும் ஆக்சாலிக் ஆசிடில் நிறம் திரும்பிவிடும்.

பிரஷர் வாஷர் எடுப்பவர்கள் விசிறிபோல் விரியும் முனையைப் போட்டு, பலகைக்கு 30 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். கிட்டே கொண்டுபோனால் மரத்தின் மென்மையான பகுதி பெயர்ந்து, பஞ்சு பஞ்சாக எழும்பி நிற்கும். அதை மறுபடி தேய்க்கத்தான் ஒரு நாள் போகும்.

பாசி திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்தால் தேய்ப்பதை நிறுத்திவிட்டு மேலே பாருங்கள். ஏர்கான் குழாயோ கூரை விளிம்போ அங்கேதான் சொட்டிக்கொண்டிருக்கும்.

அறிகுறி: கறுப்புத் திட்டு, கறுப்புப் புள்ளி, கறுப்பு வளையம்

அதிகம் பேர் என்னிடம் கேட்பதும், அதிகம் பேர் தவறான மருந்து வாங்குவதும் இதற்குத்தான். கறுப்பில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று பூசணம். மற்றொன்று, மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து உண்டாகும் கறை. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம். ஒரு துளி பிளீச் போதும்.

சோதனை: துணிக்குப் போடும் வெள்ளைப் பிளீச்சை, தண்ணீர் கலக்காமல், காதுக் குச்சியில் தொட்டுக் கறுப்பின் நடுவில் ஒரு சொட்டு வையுங்கள். இரண்டு நிமிடம் பொறுங்கள். சொட்டு பட்ட இடம் மட்டும் வெளுத்து, சுற்றிலும் கறுப்பாகவே இருந்தால் அது பூசணம். எந்த மாற்றமும் இல்லையென்றால் இரும்புக் கறை. சோதனை முடிந்ததும் அந்த இடத்தை நன்றாக அலசிவிடுங்கள்.

பூசணம் என்றால்: மேலே சொன்ன ஆக்சிஜன் பிளீச்சே போதும். முழு டெக்கிலும் துணிப் பிளீச்சை ஊற்றாதீர்கள். அது மரநாரைத் தின்னும், செடிகளையும் கருக்கும். கழுவிய சில வாரத்திலேயே பூசணம் திரும்பி வந்தால், நீங்கள் பூசியிருக்கும் எண்ணெயைச் சந்தேகப்படுங்கள். வெறும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் இந்த ஊர் ஈரத்தில் பூசணத்துக்கு உணவாகிவிடுகிறது. அடுத்த முறை பூஞ்சைத் தடுப்பான் கலந்த, வெளிப்புற டெக்குக்கென்றே விற்கும் எண்ணெயை வாங்குங்கள்.

இரும்புக் கறை என்றால்: முதலில் இரும்பு எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். ஸ்க்ரூவைச் சுற்றிக் கண்ணீர் வடிந்ததுபோல் கறுப்பு இறங்கியிருந்தால் சாதாரண இரும்பு ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். காந்தத்தை வைத்துப் பாருங்கள், நன்றாகப் பிடித்து இழுத்தால் மாற்ற வேண்டியதுதான். 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ், செந்தோசா மாதிரி கடற்காற்று படும் இடமென்றால் 316 வாங்குங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. பலாவ், செங்கால் இரண்டும் கல்லாக இருக்கும். முதலில் துளைபோட்டுவிட்டுத்தான் ஸ்க்ரூவை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்க்ரூ பாதியில் ஒடியும் அல்லது பலகை நுனி பிளக்கும்.

வட்ட வட்டமாகக் கறுத்திருந்தால் அது பூந்தொட்டி. துளசி, கறிவேப்பிலைத் தொட்டியின் அடித்தட்டில் தினமும் தண்ணீர் நின்று ஊறிய இடம். தொட்டிக்கு அடியில் விரல் நுழையும் அளவு உயரமான கால் வைத்துவிட்டால் காற்றோட்டம் கிடைத்துவிடும்.

காரணத்தை நீக்கியபின் கறையை எடுக்க ஆக்சாலிக் ஆசிட். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் கரைத்து, பலகை முழுவதிலும் நுனி முதல் நுனி வரை தடவுங்கள். கறை இருக்கும் இடத்தில் மட்டும் தடவினால் அங்கே மட்டும் வெளுத்துத் தனியாகத் தெரியும். 15, 20 நிமிடத்தில் கறுப்பு கரைந்து மரத்தின் செம்மண் நிறம் மேலே வருவதைப் பார்க்கலாம். ஒரு பங்கு மீதியிருந்தால் இன்னொரு முறை. பிறகு தாராளமாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். இது விஷம். கையுறை, கண்ணாடி கட்டாயம், பிள்ளைகளும் பூனையும் பக்கத்தில் வேண்டாம். பிளீச்சையும் இதையும் எக்காரணம் கொண்டும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். பிளீச் சோதனை செய்த அதே நாளில் ஆசிட் வேலையை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

அறிகுறி: புது டெக்கிலிருந்து பழுப்புத் தண்ணீர் வடிகிறது

கோளாறே இல்லை. மெர்பாவில் இது அதிகம், பலாவிலும் உண்டு. நான்கு முதல் ஆறு வாரம் நல்ல மழை வாங்கட்டும், சாயம் வெளியேறிவிடும். அதுவரை பூச்சு அடிக்காதீர்கள். பக்கத்தில் வெளிர் நிற டைல்ஸ் இருந்தால் மழை விட்டதும் அலசிவிடுங்கள், காய்ந்தால் எடுப்பது சிரமம்.

அறிகுறி: பூச்சு உரிகிறது, செதில் செதிலாக வருகிறது

"தம்பி, அது மேலேயே இன்னொரு கோட்டு அடிச்சா மறைஞ்சிடாதா?" என்று எங்கள் பிளாக் அக்கா ஒருவர் கேட்டார். "மறையாதுக்கா, பழசு உரியும்போது புதுசையும் சேர்த்து இழுத்துட்டு வந்துடும்" என்றேன். உரியும் பூச்சின் மேல் எதுவும் ஒட்டாது.

உரிந்த ஒரு செதிலை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். காரணம் அதன் முதுகில் எழுதியிருக்கும்.

முதுகில் சாம்பல் நிற மரநார் ஒட்டிக்கொண்டிருந்தால்: வெயிலில் செத்துப்போன மேல்தோலைத் தேய்க்காமலே பூசியிருக்கிறார்கள். பூச்சு நல்லதுதான், அது பிடித்துக்கொண்ட மரம்தான் கழன்றுவிட்டது. உரிந்த பகுதியைச் சுரண்டி, 60 எண் உப்புத்தாளால் நல்ல மரம் தெரியும்வரை தேய்த்து, 80-இல் முடித்துப் பூசினால் போதும். 120, 150 என்று வழவழப்பாக்க வேண்டாம். அப்படித் தேய்த்த பலகையில் எண்ணெய் இறங்காது.

முதுகு சுத்தமாக, பளபளப்பாக இருந்தால்: ஈரமான பலகையில் அல்லது பழைய எண்ணெய்ப் பிசுக்கின் மேல் பூசியிருக்கிறார்கள். அல்லது அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது. எது என்று தெரிய, பலகை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாளை வெட்டி நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளின் உட்புறம் நீர் கோத்திருந்தால் ஈரம் மரத்துக்குள்ளேயே இருக்கிறது. கீழே காற்று போக வழி செய்யாமல் எந்தப் பூச்சும் நிற்காது. இடுக்கில் அடைத்த மண்ணையும் இலையையும் மெல்லிய பட்டி கத்தியால் கிளறி எடுங்கள். ஓரங்களை அடைத்து வைத்திருக்கும் பலகையில் ஒன்றைக் கழற்றிவிடுவதும் பலன் தரும்.

டெக் முழுக்க உரிந்தால்: வார்னிஷோ தரைப் பெயிண்டோ அடித்திருப்பார்கள். இந்த வெயிலுக்கும் மழைக்கும் மேலே தோலாகப் படியும் எந்தப் பூச்சும் தரையில் நீண்ட நாள் தாங்காது என்பது என் உறுதியான எண்ணம். கைப்பிடிக்கு வார்னிஷ் அடியுங்கள், சுவருக்குப் பெயிண்ட் அடியுங்கள். காலடி படும் பலகைக்கு உள்ளே இறங்கும் எண்ணெயோ ஸ்டெயினோதான் (மரத்தில் ஊறும் சாயப்பூச்சு). அதற்கு மாற வேண்டுமென்றால் பழையதை முழுவதும் எடுத்தாக வேண்டும்: பெயிண்ட் ஸ்டிரிப்பர் (பழைய பூச்சை இளக்கி எடுக்கும் மருந்து), பிறகு உப்புத்தாள். ஒரு பால்கனி என்றால் நீங்களே செய்யலாம். அதைவிடப் பெரிய டெக் என்றால் தரை தேய்க்கும் பெரிய மெஷினோடு ஆள் வைத்துக்கொள்ளுங்கள், கையில் பிடிக்கும் மெஷினால் செய்தால் முதுகு போய்விடும். கொண்டோவில் சத்தமான வேலைக்கு நேரக் கட்டுப்பாடு இருக்கும், நிர்வாகத்திடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அறிகுறி: பூசி ஒரு வாரமாகியும் பிசுபிசுக்கிறது

மரம் குடித்தது போக மிஞ்சிய எண்ணெய் மேலே நிற்கிறது. பலாவ், செங்கால் இரண்டும் கொஞ்சமாகத்தான் குடிக்கும். டின்னில் 'இரண்டு கோட்டு' என்று போட்டிருந்தாலும் ஒரு மெல்லிய கோட்டே போதும் என்று மரம் சொல்லிவிடும்.

இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கிறது என்றால் ஒயிட் ஸ்பிரிட்டில் (பெயிண்ட் கரைக்கும் திரவம்) நனைத்த பழைய பனியனால் அழுத்தித் துடைத்தால் மிஞ்சியது வந்துவிடும். வாரக்கணக்கில் ஆகித் தோல் கட்டிவிட்டால் ஸ்டிரிப்பர் போட்டு எடுப்பது தவிர வழியில்லை. மேலே பவுடர் தூவுவது, ஃபேன் போடுவது எதுவும் உதவாது.

துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். எண்ணெய் ஊறிய துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், இது கதையல்ல. தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் அமுக்கி வையுங்கள், அல்லது கொடியில் ஒற்றையாக விரித்து முழுவதும் காயவிடுங்கள். பிரஷ் கழுவிய தண்ணீரை வெளிக் கால்வாயில் ஊற்றக்கூடாது. நம் ஊரில் மழைக்கால்வாய்த் தண்ணீர் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது.

அடுத்த முறை இது வராமலிருக்க: காலையில் பனி ஈரம் போனபின் பூசுங்கள், உச்சி வெயிலில் வேண்டாம். இரண்டு மூன்று பலகையை நுனியிலிருந்து நுனி வரை ஒரே மூச்சில் முடியுங்கள். நடுவில் நிறுத்தினால் அங்கே ஒரு கோடு விழும். 15, 20 நிமிடத்தில் மிஞ்சியதைத் துணியால் துடைத்தெடுங்கள். கழுவியபின் குறைந்தது இரண்டு முழு நாள் மழையில்லாமல் காய்ந்திருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவமழையில் இதைத் தொடவே வேண்டாம், பிப்ரவரி வாக்கில் ஓரளவு காயும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடிகாலையில் திடீரென்று சுமத்ரா காற்றுமழை அடிக்கும், ஆகவே முதல்நாள் சாயந்திரம் பூசிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். புறப்படுமுன் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மை-இஎன்வி செயலியில் மழை வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: சாம்பல் நிறமாக வெளுத்துவிட்டது

வெயில்தான். மரத்துக்குக் கெடுதல் எதுவும் இல்லை, பிடித்திருந்தால் அப்படியே விடலாம். நிறம் வேண்டுமென்றால் ஆக்சிஜன் பிளீச், பிறகு ஆக்சாலிக் ஆசிட், காயவிட்டு நிறமுள்ள ஸ்டெயின். நிறமே இல்லாத எண்ணெய் வெயிலைத் தடுக்காது, ஆறே மாதத்தில் மறுபடி சாம்பலாகிவிடும்.

அறிகுறி: அகல்விளக்கு எண்ணெய்க் கறை, குங்குமம், கோலப்பொடி

தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் அடுத்த நாள் வரும் கேள்வி இது. புதிதாகச் சொட்டிய நல்லெண்ணெயைத் தேய்க்காமல், சோளமாவையோ முகப்பவுடரையோ தடிமனாகக் கொட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் பெருக்கிவிட்டுச் சோப்புத் தண்ணீர். பழைய கறைக்கு ஒயிட் ஸ்பிரிட். மஞ்சள் கறையைத் தொடாதீர்கள், வெயில் பட்டே மங்கிவிடும். குங்குமத்துக்கு ஆக்சிஜன் பிளீச். வண்ணக் கோலப்பொடியை முதலில் காய்ந்தபடியே பெருக்குங்கள். தண்ணீர் ஊற்றினால் சாயம் ரேகைக்குள் இறங்கிவிடும். அகல் கருக்கிய இடத்தை 60 எண் உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, அந்தப் பலகைக்கு மட்டும் எண்ணெய் தடவினால் சரியாகிவிடும். அகலுக்கு அடியில் ஒரு பித்தளைத் தட்டு வைத்தால் இவ்வளவு வேலையே இல்லை.

அறிகுறி: காலில் சிராய் குத்துகிறது, பலகை வளைகிறது, ஸ்க்ரூ தலை தூக்குகிறது

சிராய் என்றால் அந்த இடத்தை மட்டும் 60, 80 உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய் தடவுங்கள். தூக்கிய ஸ்க்ரூவைத் திருப்பி இறுக்கிப் பாருங்கள். பிடிக்காமல் சுற்றினால் கொஞ்சம் நீளமான, தடிமனான ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடுங்கள். அதுவும் பிடிக்கவில்லை என்றால் கீழேயுள்ள அடிக்கட்டை கெட்டிருக்கலாம், அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

பலகையின் இரு ஓரமும் மேலே தூக்கி நடுவில் தண்ணீர் தேங்கினால், அடிப்பக்கம் ஈரத்தில் ஊறி மேற்பக்கம் வெயிலில் காய்கிறது என்று அர்த்தம். அடியில் காற்றோட்டம் கொடுங்கள். லேசான வளைவு சில வாரத்தில் தணியும். தணியாத பலகையை மாற்றத்தான் வேண்டும். சுங்கை காடுட் பகுதி மரக்கடைகளுக்குப் பழைய பலகையில் ஒரு துண்டைக் கொண்டுபோய்க் காட்டி, அதே மரம், அதே தடிமன் கேளுங்கள். அளந்து வெட்டிய நுனியில் உடனே எண்ணெயோ மெழுகோ பூசிவிடுங்கள், தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் 5 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

அறிகுறி: மிதித்தால் அமுங்குகிறது, ஆடுகிறது, தட்டினால் வெற்றொலி கேட்கிறது

இங்கே பொறுமை காட்ட வேண்டாம்.

ஒரே ஒரு பலகை, ஒரே இடத்தில், ஸ்க்ரூடிரைவர் இறங்குகிறது என்றால் அந்தப் பலகையைக் கழற்றுங்கள். கீழேயுள்ள அடிக்கட்டையைக் குத்திப் பாருங்கள். அது கெட்டியாக இருந்தால் பலகையை மட்டும் மாற்றி முடித்துக்கொள்ளலாம். மக்கிய இடத்தைப் புட்டி வைத்து அடைக்காதீர்கள், ஈரம் உள்ளே சிறைப்பட்டு இன்னும் வேகமாக அழுகும்.

அடிக்கட்டையும் மக்கியிருந்தால், அல்லது பல பலகை சேர்ந்து அமுங்கினால், டெக் கட்டிய அனுபவமுள்ள காண்ட்ராக்டரைக் கூப்பிடுங்கள். டெக் தரையிலிருந்து உயரத்தில் நின்றாலோ, கைப்பிடி அசைந்தாலோ அவர் வரும்வரை யாரும் ஏறாதபடி கயிறு கட்டிவிடுங்கள். பால்கனியாக இருந்து கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்தால் அது டெக் வேலையே அல்ல. கான்கிரீட்டின் மேலுள்ள நீர்த்தடுப்புப் பூச்சு கிழிந்திருக்கலாம். பலகையைப் பிரித்துக் காட்டித்தான் அதைச் சரிசெய்ய முடியும். கொண்டோவில் நிர்வாகத்துக்கும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கழகத்துக்கும் சொல்லிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கான்கிரீட்டில் நீங்களாக ஒரு துளையும் போடாதீர்கள்.

வெற்றொலி கேட்டு, மேல்தோல் காகிதம்போல் நின்று உள்ளே காலியாக இருந்தால் கரையான். டெக் கால்களிலும் சுவரோரத்திலும் பென்சில் தடிமனில் மண்குழாய் ஏறியிருக்கிறதா பாருங்கள். சின்னத் துண்டை உடைத்துப் பார்த்து, வெள்ளைப் பூச்சி ஓடினால் அத்தோடு நிறுத்துங்கள். கடையில் விற்கும் ஸ்பிரேயை அடித்தால் அங்கே தெரியும் பூச்சி மட்டும் சாகும். கூட்டம் வேறு வழியாக வீட்டுக்குள் அலமாரிக்கும் கதவு நிலைக்கும் போய்விடும். உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்பாளரைக் கூப்பிட்டு, மீதிக் குழாயைக் கலைக்காமல் அவருக்குக் காட்டுங்கள். அவர் வேலை முடித்து, மறுபரிசோதனையும் செய்து கரையான் இல்லை என்று சொன்ன பிறகுதான் புதுப் பலகை வாங்க வேண்டும்.